கேப் டவுன் முதல் ஜோகன்னஸ்பர்க் வரை, நமீபியா சுற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் வாரத்துக்கு ஒருவராவது போன் போட்டுக் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதைவிட ஒரு தடவை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். போனது இரண்டு பேர்: நானும் என் பள்ளித் தோழனும். வாடகைக்கு எடுத்த டொயோட்டா ஹைலக்ஸ், கூரை மேல் விரிக்கும் கூடாரம், 34 நாள், 7,400 கிலோமீட்டர்.

எந்த வழியாகப் போனீர்கள்?

கேப் டவுனிலிருந்து வடக்கே ஸ்பிரிங்பாக். அங்கிருந்து ஆரஞ்சு ஆற்றைத் தாண்டி நமீபியா. ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு, லூடரிட்ஸ், சோசுஸ்ஃப்லே மணல்மேடுகள், ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா வனவிலங்குப் பூங்கா. பிறகு கிழக்கே நீளும் காப்ரிவி என்ற ஒல்லியான நிலப்பட்டை வழியாகப் போட்ஸ்வானாவின் கசானே. அங்கிருந்து ஜாம்பியாவுக்கு ஒரு எட்டு, விக்டோரியா அருவி. திரும்பவும் போட்ஸ்வானாவில் நாட்டா, மாவுன், மொரேமி, கடைசியில் ஜோகன்னஸ்பர்க்.

வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் காப்ரிவியில்தான் விரலை வைத்து "இது ஏன் இப்படி நீட்டிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அப்போது நமீபியாவை ஆண்ட ஜெர்மனியும் பிரிட்டனும் 1890இல் போட்ட ஒப்பந்தத்தின் மிச்சம் அது. ஜாம்பெசி ஆற்றைப் பிடித்துக்கொண்டு படகிலேயே கிழக்குக் கடலுக்குப் போய்விடலாம் என்று ஜெர்மனி கணக்குப் போட்டது. ஆற்றின் குறுக்கே விக்டோரியா அருவி இருந்தது. காப்ரிவி என்பது அப்போதைய ஜெர்மன் சான்சலரின் பெயர். 2013இல் அந்த மாநிலத்தின் பெயரை ஜாம்பெசி என்று மாற்றிவிட்டார்கள். பேச்சில் இன்னும் காப்ரிவிதான்.

34 நாள் தேவையா? எங்களுக்கு இரண்டு வாரம்தான் லீவு.

இரண்டு வாரம் என்றால் நமீபியா மட்டும் போதும். விண்டூக்கில் இறங்கி, வண்டி எடுத்து, வட்டமடித்து அங்கேயே விட்டுவிடுங்கள். நான்கு நாடுகளையும் பதினான்கு நாளில் முடிக்கப் பார்த்தால் பாதி நாள் எல்லைச்சாவடி வரிசையிலும் மீதி நாள் ஸ்டியரிங்கிலும் போய்விடும். நாளுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். கூகுள் நான்கு மணி நேரம் என்று சொல்லும் சரளை ரோட்டுக்கு எங்களுக்கு ஆறரை மணி ஆனது.

ஏன் ஆகஸ்டில் போனீர்கள்?

மே முதல் அக்டோபர் வரை நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் அநேகமாக மழை கிடையாது. புல் காய்ந்து, குட்டைகள் வற்றி, மிருகங்கள் எல்லாம் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி ஒரே இடத்துக்கு வரும். நாம் தேடி அலைய வேண்டியதில்லை. போனஸாக, ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஸ்பிரிங்பாக்கைச் சுற்றியுள்ள நமாக்வாலாந்து வறண்ட பூமியில் காட்டுப் பூக்கள் ஆரஞ்சுப் பாய் விரித்தது போலப் பூத்திருக்கும். காலை பத்து மணிக்கு வெயில் ஏறின பிறகுதான் இதழ் திறக்கும். நாங்கள் ஏழு மணிக்கே போய் நின்று, என்னடா இது வெறும் களையாக இருக்கிறதே என்று திரும்பிப் போய்விடப் பார்த்தோம். பெட்ரோல் பங்கில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே, ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

ஆனால் குளிர்! ஆகஸ்டில் பாலைவன ராத்திரி பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய போர்வையோடு போனவன் நான். மூன்றாம் நாளே கடையில் கம்பளிக் குல்லாய் வாங்கினேன்.

விசா, லைசென்ஸ்?

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது அந்தந்தத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டைவிடும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: எத்தனை முறை உள்ளே நுழைகிறோம் என்று எண்ணுங்கள். எங்கள் பாதையில் தென்னாப்பிரிக்காவுக்குள் இரண்டு தடவை நுழைகிறோம், போட்ஸ்வானாவுக்குள்ளும் இரண்டு தடவை. ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு போனால் பயணத்தின் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டுக்குச் செல்லும். நாங்கள் போன எல்லா நாட்டிலும் நம் ஊர் மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். வாடகைக் கம்பெனியிடம், இந்த வண்டி இன்ன நாடுகளுக்குப் போகலாம் என்று கடிதம் வாங்காமல் கிளம்பாதீர்கள். ஒவ்வொரு எல்லையிலும் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள்.

என்ன வண்டி? வாடகை எவ்வளவு?

நமீபியா மட்டும் என்றால், மழையில்லாத மாதத்தில், தரையிலிருந்து கொஞ்சம் உயரமாக நிற்கும் சாதாரண வண்டியே போதும். போட்ஸ்வானாவின் மொரேமி வனவிலங்குக் காப்பகத்துக்கு ஃபோர்-வீல் டிரைவ் கட்டாயம் வேண்டும். அந்த ஊரில் பிக்கப் வண்டியை "பக்கி" என்கிறார்கள். எங்கள் பக்கியில் ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, மேசை, இரண்டு நாற்காலி, மண்வெட்டி, காற்றடிக்கும் கம்ப்ரசர் எல்லாம் இருந்தது. நாளுக்கு ஏறக்குறைய 2,000 ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்). ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம்.

இரண்டு ஸ்டெப்னி கேளுங்கள். ஒன்றுதான் தருவோம் என்றால் வேறு கம்பெனி பாருங்கள். இன்சூரன்ஸ் தாளில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்து ஆகியவை உண்டா இல்லையா என்று வரி வரியாகப் படியுங்கள். அங்கே நடக்கும் விபத்து பெரும்பாலும் அந்தக் கடைசி வகைதான்: எதிரே யாருமே இல்லாத ரோட்டில் வண்டி தானாகக் குட்டிக்கரணம் போடுவது.

ரோடு எப்படி இருக்கும்?

தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவின் பெரிய ரோடுகளிலும் தார், நன்றாகவே இருக்கும். நமீபியாவில் பெரும்பகுதி சரளை. அகலமான, நேரான, ஆளில்லாத சரளை ரோடு. ஆபத்தே அந்த நேர்தான். தகரக்கூரை மாதிரி வரிவரியாக மடிப்பு விழுந்திருக்கும். மெதுவாகப் போனால் பல்லெல்லாம் ஆடும். 80ஐத் தொட்டால் சக்கரம் மடிப்புகளின் முதுகிலேயே ஓடி, சட்டென்று வழவழப்பாகிவிடும். அந்தச் சுகத்தில் கால் தானாக அழுத்தும். ஆனால் அப்போது டயர் தரையைச் சரியாகப் பிடித்திருக்கவில்லை என்பது வளைவில்தான் தெரியும்.

காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும். நாங்கள் தாரில் 33 பிஎஸ்ஐ, சரளையில் 27, ஆழமணலில் 17 என்று வைத்தோம். மறுபடி தார் வந்ததும் நின்று ஏற்றிவிட வேண்டும். அலுப்பாக இருக்கும். செய்யுங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். டி707 என்று ஒரு ரோடு. ஒரு பக்கம் டிராஸ் மலை, மறு பக்கம் சிவப்பு மணல்மேடு, நடுவில் நாம். நமீபியாவிலேயே அழகான ரோடு அதுதான் என்பேன். ஸ்டியரிங்கில் நான். முள் 95இல் இருந்தது. "மெதுவாப் போடா" என்று அவன் இரண்டு தடவை சொன்னான். "ரோடு காலியாத்தானே இருக்கு" என்றேன். அதற்கடுத்து ஒரு சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பின்பக்கம் யாரோ பிடித்து இழுத்த மாதிரி வண்டி ஒருக்களித்தது. பிரேக்கைத் தொடாமல் விட்டதால் பிழைத்தோம். இறங்கிப் பார்த்தால் பின் டயரின் பக்கச்சுவர், பிளேடால் கீறினது போல ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் போட முடியாது.

சரளையில் ஜாக்கி நிற்காது, புதைந்துகொண்டே போகும். சமையலுக்கு வைத்திருந்த வெட்டும் பலகையை அடியில் வைத்து ஏற்றினோம். நட்டு ஒவ்வொன்றையும் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்துத்தான் கழற்ற முடிந்தது. ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் ஒரு வண்டி வரவில்லை. பலகை இரண்டாகப் பிளந்தது. அன்றிலிருந்து வெங்காயத்தைத் தட்டில் வைத்துத்தான் நறுக்கினோம். புது டயர் கிடைத்தது நான்கு நாள் கழித்து ஸ்வாகோப்முண்டில். அதுவரை கையில் இருந்தது ஒரே ஸ்டெப்னி. இரண்டு கேட்டு வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு மாதம் ஒரே வண்டியில். சண்டை வரவில்லையா?

வந்தது, மேலே சொன்ன டயருக்குப் பிறகு. அவன் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அறுபது கிலோமீட்டர் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடைசியில் ஒரு பண்ணைக் கேட் குறுக்கே வந்தது. திறக்க இறங்கியவன், மூடிவிட்டு வந்து என் ஜன்னலில் கை வைத்து, "இனிமே இடது சீட்டுல இருக்கிறவன் சொல்றதுதான் ஸ்பீடு. ஓட்டுறவனுக்கு ஓட்டு கிடையாது" என்றான். சரி என்றேன்.

மீதி நாள் முழுக்க அந்தச் சட்டம் நின்றது. அவன் ஓட்டும்போது நானும் அதைப் பயன்படுத்திக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

மற்றபடி சண்டை வருவது சின்ன விஷயத்தில்தான். ஃபிரிட்ஜை யார் திறந்து வைத்தது, ஈரத்துண்டை யார் சீட்டில் போட்டது. செலவுக்கு ஒரே பர்ஸ் வைத்து, தீர்ந்ததும் இருவரும் சமமாகப் போட்டோம். கணக்கு நோட்டே இல்லை. சமையல் ஒருவர், பாத்திரம் மற்றவர். கூடாரம் விரிப்பது மட்டும் இருவரும் சேர்ந்து.

ராத்திரியில் ஓட்டலாமா?

கூடாது. கூடூ என்ற பெரிய மான், மாடு, கழுதை எல்லாம் ரோட்டில் நிற்கும். போட்ஸ்வானாவில் யானை. நாட்டா போகும் ரோட்டில் ஒரு சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, ரோட்டோரம் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் தெரிந்தது. சுவர் நடக்க ஆரம்பித்தது. இடது சீட்டுக்காரன் "நிறுத்து" என்றான், நிறுத்தினேன். பதினேழு எண்ணினோம். இருட்டில் அந்த நிறம் தாரோடு தாராகக் கலந்துவிடும். போட்ஸ்வானாவில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் அளவில் யானைகள் இருக்கின்றன, எந்த நாட்டிலும் இத்தனை இல்லை. நாலரை மணிக்கு முகாமுக்குள் இருங்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

ஊர்களில் பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. அரிசி, பருப்பு, உருளை, வெங்காயம், தயிர் எல்லாம் கிடைக்கும். சைவர் சமைத்துச் சாப்பிட்டால் பிரச்சினையே இல்லை. ஓட்டலை நம்பினால் சீஸ் சாண்ட்விச்சும் உருளை வறுவலும்தான் கதி. சீல் பிரிக்காத பருப்புப்பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோனோம். குளிர் ராத்திரியில் ரசம் குடிக்கும் சுகத்தைப் பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன் தம்பதிக்கும் காட்டிக்கொடுத்தோம். அந்த அம்மாள் இருமிவிட்டு இரண்டாவது கோப்பை கேட்டார்.

அசைவம் என்றால் அங்கே "பிராய்" ஒரு மதம் மாதிரி. விறகு எரித்துக் கங்காக்கி அதில் இறைச்சி சுடுவது. அவசரப்பட்டுத் தீயிலேயே வைத்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்து திருத்துவார். பூரெவோர்ஸ் என்ற சுருள் சாசேஜில் கொத்தமல்லி விதை வாசம் அடிக்கும். அதனால்தானோ என்னவோ எங்களுக்கு உடனே பிடித்துவிட்டது. வழிக்கு பில்டாங் என்ற உப்புக்கண்டம். நம் பாட்டிமார் செய்த உப்புக்கண்டத்தின் பணக்காரத் தம்பி.

யானை இருக்கும் இடத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை வண்டியில் வேண்டாம். அந்த வாசனைக்கு யானை கதவையே பெயர்த்துவிடும்.

நடுவழியில் இறைச்சியைப் பறிமுதல் செய்வார்களாமே?

ஆமாம். கோமாரி நோய் பரவாமல் இருக்க நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் நாட்டுக்குள்ளேயே கால்நடை வேலிகள் உண்டு. நமீபியாவில் வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவர முடியாது. அந்த வேலிக் கோட்டின் தொடக்கம் 1890களில் மாடுகளை வாரிக்கொண்டு போன ரிண்டர்பெஸ்ட் நோய். நமீபியாவிலிருந்து போட்ஸ்வானாவுக்குள் நுழையும் ங்கோமா எல்லையில் எங்களிடம் இருந்த செருப்பு, ஷூ எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி, மருந்தில் நனைத்த சாக்கில் ஒவ்வொன்றாக மிதிக்கவைத்தார்கள். வண்டியும் மருந்துத் தண்ணீர்க் குட்டையில் இறங்கி ஏறியது.

மாவுனுக்குத் தெற்கே அடுத்த வேலி வரும் என்று தெரியாமல் ஒரு கிலோ பூரெவோர்ஸ் வாங்கிவைத்திருந்தோம். பச்சையாகத்தான் கூடாது, சமைத்தது போகலாம். வேலிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் மரத்தடியில் அடுப்பைப் பற்றவைத்து முழுக் கிலோவையும் பொரித்தோம். காவலர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். வரியாக இருக்கும் என்று அவன் சொன்னான்.

சோசுஸ்ஃப்லேவுக்கு எப்போது போக வேண்டும்?

விடியலில். பூங்காவின் செஸ்ரியம் கேட்டுக்கு உள்ளே இருக்கும் முகாமில் தங்கினால் சூரியன் உதிக்க ஒரு மணி நேரம் முன்பே விடுவார்கள். வெளியே தங்கினால் உதித்த பிறகுதான். 60 கிலோமீட்டர் தார், கடைசி 5 கிலோமீட்டர் ஆழமணல். அந்த ஐந்தில்தான் எல்லாரும் புதைகிறார்கள். காற்றை இறக்கி, ஒரே கியரில், நிறுத்தாமல் போனால் தாண்டிவிடலாம். பயமாக இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு ஷட்டிலில் ஏறுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பக்கத்திலேயே இருக்கும் டெட்ஃப்லே என்ற பள்ளத்தின் வெள்ளைக் களிமண் தரையில் கறுத்து நிற்கும் முள்மரங்கள் செத்து 600 ஆண்டுக்கு மேல் ஆகிறது. மக்கிப்போகக்கூட ஈரம் இல்லாததால் அப்படியே நிற்கின்றன. தொடாதீர்கள்.

லூடரிட்ஸுக்கு இவ்வளவு சுற்றிப் போக வேண்டுமா?

வேண்டும். பலர் கோல்மன்ஸ்காப் பேய் ஊரைப் படமெடுக்க மட்டும் போகிறார்கள். 1908இல் ரயில் தண்டவாளத்தில் மணல் தள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு கல்லை எடுத்து மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டாக்கிடம் கொடுத்தார். வைரம். ஸ்டாக் கோடீஸ்வரர் ஆனார், லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வைரத்தில் பாலைவனத்தின் நடுவே நடனக் கூடம், ஐஸ் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி எல்லாம் வைத்து ஒரு ஜெர்மன் ஊர் எழுந்து, 1950களில் காலியானது. இன்று வீட்டுக்குள் ஜன்னல் உயரத்துக்கு மணல். ஒரு அறையில் பூப்போட்ட சுவர்த்தாள் இன்னும் நிறம் மங்காமல் இருக்க, கதவு பாதி திறந்த நிலையில் மணலில் புதைந்து நின்றது.

அதைவிட எங்களை உலுக்கியது லூடரிட்ஸ் ஊருக்குள் இருக்கும் சுறாத் தீவு. ஹெரேரோ, நாமா மக்களை ஒழித்துக்கட்ட ஜெர்மன் படை 1904 முதல் 1908 வரை நடத்திய கொலைவெறியில், 1905 முதல் 1907 வரை கைதிகளை அடைத்துவைத்த இடம். கடற்காற்றில், கந்தையில், பட்டினியில் ஆயிரக்கணக்கானோர் அங்கே செத்தார்கள். ஜெர்மனி இதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது 2021இல். 2025 முதல் நமீபியா மே 28ஐ நினைவுநாளாக அனுசரிக்கிறது.

அந்தத் தீவு இப்போது முகாம் போடும் இடம். கூடாரம் அடிக்கலாம், இறைச்சி சுடலாம், கடல் காட்சி பிரமாதம். நாங்களும் அங்கே இடம் பிடித்துவைத்திருந்தோம். போய் நின்று, அடுப்பு மேடையைப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே வண்டியைத் திருப்பினோம். ஊருக்குள் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். அங்கே கூடாரம் போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு போடுங்கள்.

எட்டோஷாவில் சிங்கம் பார்த்தீர்களா?

பார்த்தோம், தூங்கிக்கொண்டிருந்தது. சிங்கத்தைத் துரத்திக்கொண்டு நாள் முழுக்க ஓட்டாதீர்கள். ஒகாகுவேயோ முகாமின் குட்டையோரம் ராத்திரி போர்வையோடு போய் உட்காருங்கள். விளக்கு போட்டிருப்பார்கள், இந்தப் பக்கம் தாழ்ந்த சுவர், பெஞ்சு, அவ்வளவுதான். ஒன்பதே முக்கால் மணிக்கு ஒரு கறுப்புக் காண்டாமிருகம் குட்டியோடு வந்தது. தண்ணீரின் விளிம்பில் நின்று, குடிக்காமல், ஐந்து நிமிடம் காதை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டது. முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம், ஒரு இருமல் இல்லை. பிறகு மூக்கை நீரில் வைத்து உறிஞ்சும் சத்தம் எங்கள் வரை வந்தது. மறு கரையிலிருந்து யானைக்கூட்டம் இறங்கியதும் தாயும் குட்டியும் வழிவிட்டு விலகி, தண்ணீரில் அவற்றின் தலைகீழ் நிழல் மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது.

பூங்காவின் கேட் சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் அபராதம்.

கூடாரத்தில் பயமில்லையா?

நமீபியாவின் முகாம்களில் பெரும்பாலும் வேலி உண்டு. மொரேமியில் வேலியே கிடையாது. மொரேமி, படாவானா மக்கள் 1963இல் தங்கள் நிலத்தைத் தாங்களே காப்பகமாக ஒதுக்கிய இடம். அங்கே இருட்டின பிறகு கூடாரத்தை விட்டு இறங்கக் கூடாது. சாயங்காலத்தில் இருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுங்கள், ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

கழுதைப்புலியும் யானையும் கூடாரத்தின் அடியில் நடமாடின, ஒன்றும் செய்யவில்லை. எங்களைக் கொள்ளையடித்தது பபூன் குரங்கு. தேர்ட் பிரிட்ஜ் முகாமில், நான் கதவைத் திறந்துவைத்துவிட்டு மூன்று எட்டு நகர்ந்தேன். அதற்குள் ஒன்று ரொட்டியோடும் இன்னொன்று சர்க்கரை டப்பாவோடும் மரமேறிவிட்டன. டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தது. கடிக்கவில்லை, திருகியது.

ஜாம்பியாவுக்குள் வண்டியைக் கொண்டுபோகலாமா?

போகலாம். ஆனால் அருவிக்காக மட்டும் என்றால் வண்டியைக் கசானேவில் விட்டுவிட்டு டாக்சியில் போங்கள். நாங்கள் காசுங்குலா பாலத்தைத் தாண்டும் ஆசையில் ஓட்டிக்கொண்டு போனோம். வண்டியின் தற்காலிக அனுமதி, கார்பன் வரி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், சாலைக் கட்டணம், உள்ளாட்சிக் கட்டணம், பாலத்துக்கான சுங்கம். ஆறு ரசீது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல், மூன்றேகால் மணி நேரம், மூன்று நாளுக்காக.

பாலம் என்னவோ பார்க்க வேண்டியதுதான். 923 மீட்டர், 2021 மே மாதம் திறந்தது. அதற்கு முன் தெப்பப் படகுதான், லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். போட்ஸ்வானாவும் ஜாம்பியாவும் தொட்டுக்கொள்ளும் இடம் ஆற்றின் நடுவே ஓரிரு நூறு மீட்டர்தான். பாலம் நேராகப் போனால் ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் காலை வைத்துவிடும் என்று வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அருவி எந்தப் பக்கம் நல்லது?

ஆகஸ்டுக்குப் பிறகு என்றால் ஜிம்பாப்வே பக்கம். அருவி 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். தண்ணீர் குறையும் மாதங்களில் ஜாம்பியா பக்கம் பாதிக்குப் பாதி பாறைதான் தெரியும். வண்டியை லிவிங்ஸ்டன் நகரில் விட்டுவிட்டு, 1905இல் கட்டிய ரயில் பாலத்தின் மேல் நடந்தே எல்லை தாண்டினோம். ஏப்ரல், மே மாதம் வெள்ளம் உச்சம். அப்போது சாரலைத் தவிர ஒன்றும் தெரியாது என்று அங்கே சொன்னார்கள். மோசி-ஓவா-துன்யா, இடிமுழங்கும் புகை என்று ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சும்மா இல்லை.

மலேரியா? மஞ்சள் காய்ச்சல் ஊசி?

நமீபியாவின் வடக்கு, காப்ரிவி, கசானே, அருவி, மாவுன் எல்லாம் மலேரியாப் பகுதி. மழைக்காலத்தில் அதிகம். டாக்டரைக் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ விமானம் மாறி 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட வேண்டும், சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

மொத்தச் செலவு?

விமானம், விசா சேர்த்துத் தலைக்கு ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய். இதில் வண்டிதான் பெரும்பகுதி. நான்கு பேர் போனால் நன்றாகக் குறையும்.

நமீபியா டாலரும் ரேண்டும் ஒன்றுக்கு ஒன்று. நமீபியாவில் ரேண்ட் எங்கும் செல்லும், தென்னாப்பிரிக்காவில் நமீபியா டாலர் செல்லாது. எனவே எல்லைக்கு முன்பே செலவழித்துவிடுங்கள். போட்ஸ்வானா நாணயத்தின் பெயர் புலா, மழை என்று பொருள். ஜிம்பாப்வேக்கு அமெரிக்க டாலர், அதுவும் ஒன்று, ஐந்து என்று சில்லறையாக. பெரிய நோட்டுக்கு மீதி கிடைக்காது.

பாதுகாப்பு எப்படி? நம்மை எப்படிப் பார்க்கிறார்கள்?

கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் கவனம் தேவை. சிக்னலில் நிற்கும்போது (அங்கே சிக்னலுக்கு ரோபாட் என்று பெயர். "அடுத்த ரோபாட்டில் திரும்புங்கள்" என்றதும் நாங்கள் நிஜமாகவே ரோபாட்டைத் தேடினோம்) பை, போன் சீட்டில் தெரியக் கூடாது, கண்ணாடியை உடைத்துப் பறித்துவிடுவார்கள். ஊரைத் தாண்டிவிட்டால் பயம் மனிதரிடம் இல்லை.

நிறத்தைப் பார்த்ததும் "டர்பனா?" என்றுதான் கேட்டார்கள். 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், டர்பன் துறைமுகத்தில் இறக்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்ற பெயர்களை அங்கே யாருக்கும் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. டர்பன் எங்கள் வழியில் இல்லை, அது ஒரு வருத்தம்தான்.

போட்ஸ்வானாவில் எதையும் கேட்கும் முன் வணக்கம் சொல்லுங்கள். ஆணுக்கு "துமேலா ரா", பெண்ணுக்கு "துமேலா மா". நேராக "பெட்ரோல் இருக்கா?" என்று தொடங்கினால் முகம் சுருங்கும். பணம் கொடுக்கும்போது இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக் கொடுப்பார்கள். நாமும் அப்படிக் கொடுத்தால் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

போன், சார்ஜர்?

ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் சிம். ஊரைத் தாண்டினால் சிக்னல் இல்லை, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கா, நமீபியா பிளக்கு நம் ஊர் ஏ.சி., கிரைண்டருக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக்குதான். வீட்டிலிருந்து ஒரு பவர் எக்ஸ்டென்ஷன் கொண்டுபோனோம், அடாப்டர் வாங்கவே இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எடுக்கும்போதே எல்லாக் கீறலையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடியின் மூலையில் ஒரு கல் பட்ட புள்ளிக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள். முதல் நாள் வீடியோவைக் காட்டினோம், அதே புள்ளி. விட்டுவிட்டார்கள். அடிப்பாகத்தை டார்ச் அடித்துப் பார்த்தார்கள், மண்வெட்டி, ஜாக்கி, ஸ்டெப்னி எண்ணினார்கள், கரண்டி வரை சரிபார்த்தார்கள். பட்டியலில் ஒன்று குறைந்தது: வெட்டும் பலகை. அறுபது ரேண்ட் பிடித்துக்கொண்டார்கள். பர்ஸில் கைவைத்தேன். "இது உன் தனிக் கணக்கு" என்றான் அவன்.